செத்த வீட்டுக்குப் போகும் கதிரைகள்: சனசமூக நிலைய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் உள்ள சனசமூக நிலையங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் 11 வருடம் செயலாளராக இருந்தவன். நிலையத்தின் பெயரையும் என் பெயரையும் இங்கே போடவில்லை. போட்டால் இது ஊர்க்கதையாகிவிடும், சொல்ல வந்த விஷயம் பின்னுக்குப் போய்விடும்.

எங்கள் நிலையத்தில் நீல மட்டை போட்ட ஒரு கொப்பி இருக்கிறது. கதிரை, தறப்பாள், கிடாரம், ஜெனரேற்றர் எல்லாம் யார் வீட்டுக்குப் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எழுதுகிற கொப்பி. முந்தி அதில் கல்யாண வீடு, சாமத்திய வீடு, வீடு குடிபூரல் என்று எல்லாம் இருக்கும். இப்போது கொண்டாட்டங்கள் மண்டபங்களுக்குப் போய்விட்டன. கொப்பியில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் செத்த வீடுதான்.

செத்த வீடு என்றால் நாங்கள் கெட்டிக்காரர். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். செய்தி வந்து முக்கால் மணித்தியாலத்துக்குள் லான்ட்மாஸ்டரில் கதிரை வந்து இறங்கும். ஒருவர் பறைக்குச் சொல்வார், ஒருவர் குருக்களுக்குச் சொல்வார், ஒருவர் பேப்பருக்கு அறிவித்தல் எழுதுவார். ஆள் திடீரென்று போயிருந்தால் மரண விசாரணை அதிகாரியைக் கூட்டிவர ஒருவர் கிளம்பியிருப்பார். கனடாவில் இருக்கிற மகனுக்கு விஷயத்தை எப்படி மெல்ல மெல்ல உடைப்பது என்று தெரிந்த ஒரு ஆளும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. இதையெல்லாம் யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானித்ததில்லை. தானாக நடக்கும்.

நான் கேட்பது இந்த ஒழுங்கையும் இந்த வேகத்தையும் சில மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்தச் சொல்லித்தான். மாரடைப்பு வந்த ஆள் சாகமுதல்.

என் கதையைச் சொன்னால் விளங்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதக் காலை, 9 மணியிருக்கும். செத்த வீடொன்றில் கதிரைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவதுபோல வந்தது. குத்தவில்லை, எரியவில்லை. படத்தில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவுமில்லை. இடது தோள் கனத்தது, கீழ்த்தாடை உளைந்தது, சேர்ட் நனைகிற அளவுக்குக் குளிர்ந்த வேர்வை.

"அண்ணை, உது வாயு. விடியச் சாப்பிடாமல் வந்திருப்பியள்" என்றான் ஒரு தம்பி. இஞ்சி போட்ட பிளேன்ரீ வந்தது. இன்னொருவர் சித்தாலேப பூசித் தேய்த்துவிட்டார். ஹோலில் செத்தவர், பக்கத்து அறையில் நான். அப்படியே இரண்டு மணித்தியாலம் படுத்துக் கிடந்தேன். பிறகு எழும்பி வீட்டுக்குப் போனேன், அதுவும் சைக்கிளில். மனைவி வாசலிலேயே முகத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்சரப்பா, என்ன நிறம் மாறிப்போய்க் கிடக்கிறியள்" என்றாள். இரண்டு பொடியளுக்கு நடுவில் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காஸ்ட்ரிக் என்று ஓர் ஊசி போட்டார்கள். ஈசிஜி எடுக்க அங்கே மெசின் இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் இரண்டரை. வலி தொடங்கி ஐந்தரை மணித்தியாலம்.

அங்கே போனபிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஈசிஜி எடுத்தார்கள், இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஏற்றினார்கள், பிழைத்தேன். ஆனால் எக்கோ எடுத்துப் பார்த்தபோது இருதயத்தின் முன்சுவரில் ஒரு துண்டு அசையவில்லை. வைத்தியர் ஏசவில்லை. திரையில் அந்த இடத்தில் விரலை வைத்து, "ஐயா, முதல் மணித்தியாலத்தில வந்திருந்தால் இந்த இடத்தைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். இன்றைக்கு நான் நான்கு கதிரையைச் சேர்த்துத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது.

அந்த வீட்டில் அன்றைக்கு நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். அதில் ஆசிரியர் இருந்தார், கிராம சேவகர் இருந்தார், வங்கியில் வேலை செய்பவர் இருந்தார். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கம் ஒருவர் வாயிலும் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை. அது அக்சிடென்றுக்குத்தானே என்ற நினைப்பு.

மாரடைப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படிகிறதே, அதுபோல நெஞ்சுக் குழாயும் வருடக்கணக்காய் அடைபட்டு ஒருநாள் மூடிக்கொள்ளும் என்று வாசிகசாலையில் இருந்து மற்றவர்களுக்கு விளக்கம் வேறு கொடுத்திருக்கிறேன். அது பாதிதான் சரி. (கல்லுத்தண்ணி குடிப்பதால்தான் அட்டாக் வருகிறது என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழாயில் படிவது கிணற்றுச் சுண்ணாம்பு அல்ல, கொழுப்பு.)

இருதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கிற முடியுரு நாடிகளின் உட்சுவரில் கொழுப்புச் சேருவது இளம் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. புகை, பிரஷர், சீனி மூன்றும் அந்தச் சுவரைப் புண்ணாக்கிக் கொழுப்புக்கு இடம் பிடித்துக் கொடுக்கும். சேர்ந்த கொழுப்பின்மேல் மெல்லிய தோல்போல ஒரு மூடி வளரும். பெரும்பாலான மாரடைப்புகளில் நடப்பது, அந்த மூடி ஒருநாள் வெடிப்பதுதான். உடம்பு அதைக் காயம் என்று நினைத்து இரத்தத்தை உறையவைத்து அடைக்கப் பார்க்கும். அந்தக் கட்டிதான் சில நிமிடத்தில் குழாயை மூடிவிடுகிறது. வெடிக்கமுதல் குழாய் பாதிகூட ஒடுங்காமல் இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு அதற்கு முதல்நாள்வரை எவ்வளவு தூரம் நடந்தாலும் மூச்சு வாங்காது, ஈசிஜியும் சரியாகவே இருந்திருக்கும். "நேற்றுக்கூடப் பந்தடிச்சவன்", "போன மாதம்தான் செக் பண்ணினவன்" என்று செத்த வீட்டில் சொல்லிச் சொல்லி அழுவது இதனால்தான். அவர்கள் சொல்வது பொய்யில்லை.

வாய்க்கால் அடைபட்டால் அதற்கு அங்கால் உள்ள பாத்தி காயும். வெங்காயம் என்றால் ஒருநாள் இரண்டுநாள் தாங்கும். இருதயத் தசை அரை மணித்தியாலத்துக்குள்ளேயே சாகத் தொடங்கும். ஆறு மணித்தியாலத்தில் அந்தப் பாத்தியின் பெரும்பகுதி போய்விடும். கட்டியைக் கரைக்கிற ஊசியை 12 மணித்தியாலம் வரை போடுவார்கள் என்றாலும், அதன் முழுப் பலனும் முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில்தான். நான் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஆகவே முதல் வேலை சுவரில். பேப்பர் வாசிக்கிற மேசைக்கு மேலே, நிர்வாகசபைப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் 1990 என்று எழுதுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கியது. 2018 இல் வடக்குக்கு வந்தபோது தொடக்க விழா நடந்ததே யாழ்ப்பாணத்தில்தான். ஒரு சதமும் இல்லை. தமிழில் பேசலாம். ஒட்சிசனும் பயிற்சி பெற்ற ஆளும் வாகனத்திலேயே வரும். நெஞ்சுவலிக்காரரை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி ஏற்றக்கூடாது, அவரே சைக்கிளோ வாகனமோ ஓடவும் கூடாது. வாகனம் வரும்வரை ஆளைச் சாய்த்து இருத்துங்கள். அஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக் கசிவுப் பிரச்சினையோ இல்லாதவராக இருந்தால் 300 மில்லிகிராம் அஸ்பிரினை முழுசாக விழுங்காமல் சப்பி விழுங்கச் சொல்வார்கள். 1990 இல் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அம்புலன்ஸுக்கு அடிக்கச் சனம் தயங்குவதற்கு நான் கண்ட காரணம் வேறு. வாசலில் அம்புலன்ஸ் நின்றால் ஊர் பார்க்கும். வாயுவாகவே இருந்துவிட்டால் வெட்கம். பொம்பிளைப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிற வீடு என்றால் இன்னும் மோசம், "தகப்பனுக்கு ஹார்ட்டாம்" என்று கதை போய்விடும். இந்த வெட்கத்தை ஒரு வீடு தனியாக உடைக்க முடியாது. நிலையம்தான் உடைக்க வேண்டும். வாயுவாக இருந்தால் சிரித்துவிட்டு வீட்டுக்கு வரலாம் என்று பொதுக்கூட்டத்தில் தலைவர் தன் வாயால் சொல்லவேண்டும்.

அடுத்தது ஒழுங்கைகள். எங்கள் ஊர் ஒழுங்கைகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். பெயரில்லை, இலக்கமில்லை. "பூவரசு நிற்கிற முடக்கில் திரும்பி, இடிஞ்ச மதிலுக்கு அங்கால" என்றால் வெளியூர்ச் சாரதிக்கு எப்படி விளங்கும்? செத்த வீட்டுக்கு வழி காட்ட நாங்கள் தென்னங் குருத்துத் தோரணம் கட்டுகிறோம், சந்தியில் ஒரு பொடியனை நிறுத்துகிறோம். அதே பொடியன் அம்புலன்ஸ் வரும்போது சந்தியில் நிற்கவேண்டும். நிலையத்துக்கு ஒரு போன் வந்தால் ஒருவர் வீட்டுக்கு, ஒருவர் சந்திக்கு. இரவில் யார், பகலில் யார் என்று ஒரு பட்டியல் போட்டு ஒட்டினால் போதும். காசு தேவையில்லாத வேலை இது, செய்யாமல் விடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எங்கே கொண்டுபோவது என்பதை அம்புலன்ஸ்காரர் தீர்மானிப்பார். நீங்களாகக் கொண்டுபோகத்தான் வேண்டியிருந்தால் ஈசிஜி எடுத்து வைத்திய நிபுணர் பார்க்கிற இடத்துக்கே நேரே போங்கள். யாழ். போதனா வைத்தியசாலை, மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள். வழியில் டிஸ்பென்சரியில் இறங்க வேண்டாம்.

தீவக நிலையங்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது என்பது தெரியும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கே படகில் ஒரு மணித்தியாலமாகும், அதுவும் கடல் அமைதியாக இருந்தால். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாவற்றுக்கும் நடுவில் கடல். அங்கே "விடியட்டும் பார்ப்பம்" என்ற பேச்சு மற்ற இடங்களைவிட ஆபத்து. வலி வந்தவுடன் தீவு வைத்தியசாலைக்கு. இரவில் எழுப்பக்கூடிய படகோட்டிகளின் இலக்கங்கள் நிலையத்துக் கதவில். இதைவிட என்ன செய்யலாம் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும், எழுதுங்கள்.

ஆள் நினைவில்லாமல் விழுந்து, மூச்சும் இல்லாவிட்டால் அது வேறு கதை. முகத்தில் தண்ணீர் அடிப்பது, வாயில் சோடா பருக்குவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1990 க்கு ஒருவர் அடிக்க, மற்றவர் நெஞ்சின் நடு எலும்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கவேண்டும். நிமிடத்துக்கு 100 இலிருந்து 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழம், உதவி வரும்வரை நிறுத்தாமல். ஒன்றும் செய்யாமல் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 இலிருந்து 10 சதவீதம் குறைக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் கிளை இருக்கிறது, முதலுதவி பழக்குவார்கள். உங்கள் விளையாட்டுக் கழகப் பொடியளை ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு இருத்துங்கள். தலையணையில் பழகினால்கூட ஒன்றும் தெரியாததைவிட மேல்.

இவ்வளவும் வந்தபிறகு செய்வது. வராமல் பார்ப்பதில் நிலையத்தால் ஆகக்கூடிய பெரிய காரியம், ஒரு பிரஷர் மெசின். கையில் கட்டுகிற டிஜிற்றல் மெசின், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். எங்கள் நிலையத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். முதல் மாதம் யாரும் வரவில்லை. பேப்பர் பார்க்க வருகிற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் விளையாட்டுக்குக் கட்டிப்பார்த்தார், 178 க்கு 104. "மெசின் பிழை" என்றார். எனக்குக் கட்டினேன், எனக்குச் சரியாக வந்தது. அடுத்தநாளும் பார்த்தார், அதற்கடுத்தநாள் கிளினிக்குக்குப் போனார். அவர் போன கதை ஊருக்குள் போனபிறகு இப்போது ஞாயிற்றுக்கிழமை வரிசை நிற்கிறது.

பார்க்கிற முறை முக்கியம். வந்தவுடன் கட்டக்கூடாது, ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். முதுகு கதிரையில் சாய்ந்து, கால் நிலத்தில் ஊன்றி, கை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு. அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணியோ சுருட்டோ கூடாது. அப்புறம் வாய் பேசக்கூடாது, எங்கள் ஆட்களுக்கு ஆகக் கஷ்டமானது இதுதான். இரண்டுதரம் பார்த்து எழுதவேண்டும். திரும்பத் திரும்ப 140 க்கு 90 ஐத் தாண்டினால் வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். குளிசை சொல்வது, குளிசை மாற்றுவது எங்கள் வேலையில்லை. 35 வயது தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் இலவசமாகப் பார்க்க அரசாங்க வைத்தியசாலைகளிலேயே இடம் இருக்கிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் எங்கே, எந்தக் கிழமை என்று சொல்வார்.

குளிசை என்றதும் ஒன்று. "பிரஷர் இப்ப நோர்மல், அதால குளிசையை விட்டிட்டன்" என்று பெருமையாகச் சொல்கிறவர் ஊருக்குப் பத்துப்பேர் இருப்பார்கள். நோர்மலாக இருந்தது குளிசையால்தான். விட்டால் திரும்ப ஏறும், ஏறுவது தெரியவும் மாட்டாது. கூலி வேலைக்காரருக்குக் கிளினிக் நாள் என்றால் ஒருநாள் சம்பளம் போகிறது, அதனால் விடுகிறவர்களும் உண்டு. அவர்களை ஏச எனக்கு வாய் வராது. முந்திய நாள் நினைவூட்டி, ஓட்டோ ஒன்றில் நாலைந்து பேராகச் சேர்த்து அனுப்ப நிலையத்தால் முடியும்.

புகையிலை பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. என்னைப் படிப்பித்தது புகையிலைத் தோட்டம். அப்பு சுருட்டோடுதான் தோட்டத்துக்குப் போவார், சுருட்டோடுதான் வருவார். அந்தப் பயிரால் வாழ்ந்த ஊர்கள் நாங்கள். ஆனாலும் நிலையத்துப் பின்மதிலோடு நின்று பொடியள் சிகரட் பிடிக்கிறதை, "எங்கட பொடியள்தானே" என்று பார்க்காத மாதிரி நிர்வாகம் போவது சரியில்லை. நானும் அப்படித்தான் போனேன். புகையை விட்டு ஒரு வருடத்தில் இருதய நோய் வரும் ஆபத்து, விடாதவரோடு பார்க்கையில் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேறெந்த மருந்துக்கும் நான் இப்படிக் கேள்விப்பட்டதில்லை.

சாப்பாட்டில் நான் அதிகம் போதிக்க வரவில்லை. முசுட்டை இலை வறையும் குரக்கன் பிட்டும் சாப்பிட்ட சனத்துக்கு வெளியிலிருந்து ஆள் வந்து வகுப்பெடுக்கத் தேவையில்லை. உப்பை மட்டும் பாருங்கள். ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான் கணக்கு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் ஒரே கோப்பையில் சேர்ந்தால் அந்தக் கணக்கு மத்தியானத்திலேயே முடிந்துவிடும். நிலையத்துக் கூட்டத்தில் றோல்ஸும் சோடாவும் கொடுப்பதை நிறுத்திக் கச்சானும் வாழைப்பழமும் கொடுத்தோம். ஒரு கூட்டத்துக்கு முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மனுசனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் மாமிக்குக் குளிசை எடுத்துக் கொடுப்பதும் அவர்கள்தான். தங்களுக்கு வந்தால் சொல்லமாட்டார்கள். பெண்களுக்கும் நீண்டகாலம் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் அட்டாக் வரலாம். மூச்சு வாங்கும், காரணமில்லாமல் களைக்கும், சத்தி வரும், முதுகோ தாடையோ உளையும். "வேலை கூடிப்போச்சு" என்று படுத்துவிடுவார்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். ஆண்கள் சொல்லாமல், குடும்பநல உத்தியோகத்தரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

நடை விஷயமும் அவர்களோடு சேர்ந்ததுதான். கிழமைக்கு 150 நிமிடம் விறுவிறென்று நடந்தால் போதும் என்கிறார்கள். பெற்றோல் இல்லாத யுத்த காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. 2022 இல் பெற்றோல் வரிசை வந்தபோதும் பழைய சைக்கிள்களைத் துடைத்து எடுத்தோம், வரிசை முடிந்ததும் திரும்பச் சாய்த்துவிட்டோம். ஆண்களாவது ரோட்டில் நடக்கலாம். பெண்கள் தனியாகப் பின்னேரம் நடந்தால் "எங்க போறாள்" என்று ஒரு கேள்வி வரும். நிலையத்து விளையாட்டு மைதானத்தைப் பின்னேரம் ஆறிலிருந்து ஏழு வரை அவர்களுக்கு விட்டு, இரண்டு லைற் போட்டுக் கொடுங்கள். பொடியளின் கிரிக்கெட் ஒரு மணித்தியாலம் பிந்தினால் ஒன்றும் குறையாது. இதற்குத்தான் ஆகக் கூடிய எதிர்ப்பு வரும், எங்களுக்கும் வந்தது. இன்னும் முடியவில்லை.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் ஊருக்கு அலங்கார வளைவு கட்டக் காசு அனுப்புகிறார்கள், பெயர் பொறித்த கல்லோடு. அதில் ஒரு தூணின் செலவு போதும் இதற்கெல்லாம். மெசினிலும் பெயர் ஒட்டலாம் என்று சொல்லிப் பாருங்கள், அனுப்புவார்கள்.

எங்கள் நிலையத்தின் பொதுக்கூட்டம் சித்திரைக் கடைசியில். நிகழ்ச்சி நிரலில் சந்திப் பட்டியலும் மைதானமும் ஆறாவதாக, கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். நான் ஐந்துமணிக்கே போய் முன்வரிசையில் இருப்பேன். உங்கள் நிலையத்தில் மெசின் வாங்கிவிட்டு எப்படிக் கட்டுவதென்று தெரியாவிட்டால் எங்கள் வாசிகசாலைக்கு ஒருவரை அனுப்புங்கள். ஞாயிறு காலை எட்டிலிருந்து பத்துவரை அங்கேதான் இருக்கிறேன். வருகிறவர் தேத்தண்ணி குடிக்காமல் வரட்டும், அவருக்கும் ஒருதரம் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
முன்னாள் செயலாளர் ஒருவர்,
வலிகாமம்.